சபராளியின் பிள்ளைகள்
மலாக்கா நீரிணைத் துறைமுகங்களில் தமிழ் முஸ்லிம் இளைஞரும் அடையாளச் சிக்கலும்

மக்காவைத் துறந்து மதீனா வந்து சேர்ந்த நபித்தோழர்களைப் பற்றிய ஒரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. புதிய மண்ணின் காய்ச்சலில் வாடிய பிலால் (ரலி) அவர்கள், காய்ச்சல் சற்றுத் தணியும் வேளைகளில் மக்காப் பள்ளத்தாக்கின் புல்லையும் சுனையையும் மலைகளையும் நினைந்து ஏங்கிப் பாடினார்கள். அந்த மக்காவில்தான் அவர்கள் அடிமைப்பட்டுச் சுடுமணலில் வதைக்கப்பட்டிருந்தார்கள். ஆயினும் ஊர் நினைவு விடவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் இந்த ஏக்கத்தைக் கடிந்துகொள்ளவில்லை. மக்காவின் மீதுள்ள நேசத்துக்கு இணையாகவோ அதனினும் மிகுதியாகவோ மதீனாவையும் தம் தோழர்களுக்கு நேசத்துக்குரியதாக ஆக்குமாறு இறைவனிடம் வேண்டினார்கள். பழைய ஊரின் நினைவை நெஞ்சிலிருந்து அகற்றும்படி அவர்கள் வேண்டவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முஹாஜிர், அன்சார் என்னும் இரு பெயர்களும் மதீனாவில் இறுதிவரை நிலைத்தன. அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தாராக மாறினால்தான் இங்கு இடமுண்டு என்று வந்தவரிடம் யாரும் கூறவில்லை. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் திருமறையின் அர்ரூம் அத்தியாயம் இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. சமூகங்களாகவும் குலங்களாகவும் மாந்தர் பிரிந்திருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என அல்ஹுஜுராத் அத்தியாயம் உரைக்கிறது. கொள்கை அளவில் இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் பதினான்கு, பதினைந்து வயதில் கடல் கடந்து போன ஓர் இளைஞன் நாள்தோறும் வாழ்ந்து காட்டவேண்டிய நிலையில் இக்கொள்கை என்னவாயிற்று? தமிழ் முஸ்லிம்கள் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் குடியேறி வாழும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களின் வரலாற்றில் இக்கேள்விக்கு விடை தேடுவது பொருத்தமாகும்.

சபராளி

சோழமண்டலக் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் பொருள் தேடிக் கடல் கடந்து செல்பவரைச் 'சபராளி' என்றனர். பயணம் எனப் பொருள்படும் 'ஸபர்' என்ற அரபுச் சொல் அதன் வேர். போனவர் பயணத்தில் இருக்கிறார், திரும்பி வருவார் என்னும் நம்பிக்கை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. போன இடத்திலோ அவருக்கு வேறு பெயர்கள் இருந்தன. சோழ நாட்டுத் தொடர்பைச் சுட்டுவதாகக் கருதப்படும் 'சூலியா', கலிங்கத்திலிருந்து திரிந்ததாகக் கூறப்படும் 'கெலிங்', மாமன் என்னும் தமிழ் உறவுச் சொல்லிலிருந்து பிறந்த 'மாமாக்' என்பன அவற்றுட் சில. தொடக்கத்தில் இயல்பான அடையாளமாக இருந்த 'கெலிங்' பிற்காலத்தில் இழிவுச் சொல்லாயிற்று. ஊரில் ஒரு பெயர், வந்த இடத்தில் வேறொரு பெயர் என்ற இந்த இரட்டை நிலை அவ்விளைஞனின் முதல் அனுபவம்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கும்பினியின் கொடியை ஏற்றியபோது, அண்டையிலுள்ள கெடாவில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் முன்னரே நிலைகொண்டிருந்தனர். புதிய துறைமுகத்துக்கு அவர்கள் விரைவில் இடம்பெயர்ந்தனர். லைட் 1794இல் எழுதிய அறிக்கையில் சூலியர் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்குக் குடியிருந்ததாகக் குறிக்கிறார். அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆடவர்கள் கப்பல்களில் வந்து, வணிகத்திலும் உடல் உழைப்பிலும் சிறிது பணம் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்புவர் என்றும், அவர்களின் இடத்துக்கு வேறு சிலர் வருவர் என்றும் அவர் தெரிவிக்கிறார். பருவக்காற்றின் போக்கில் அமைந்த வாழ்க்கை அது.

அப்படி வந்தவர்களில் இளையோர் பலர். உறவினர் கடையிலோ ஊர்க்காரர் கடையிலோ எடுபிடியாகச் சேர்ந்து, கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கித் தொழில் பழகுவர். சில்லறைக் கடை, நாணய மாற்று, துறைமுகப் படகு வேலை, தோளில் காவடித்தண்டு சுமந்து சோறும் கறியும் விற்றல் எனப் பல தொழில்கள் இருந்தன. இன்று பினாங்கின் பெருமையாகப் பேசப்படும் 'நாசி கண்டார்' என்னும் உணவின் பெயரில் உள்ள 'கண்டார்' அந்தக் காவடித்தண்டுதான். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலும் அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களை இணைத்து இப்போக்குவரத்தைத் தொடர்ந்தன. 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு 'சிதம்பரத்தின்' பயணமும் முடிவுற்றது.

சபராளிக்கு அடையாளச் சிக்கல் பெரிதாக எழவில்லை எனலாம். அவன் மனைவியும் மக்களும் ஊரில் இருந்தனர். அவன் மொழியும் மானமும் அங்கேயே இருந்தன. அக்கரை அவனுக்குப் பிழைக்கும் இடம் மட்டுமே. சிக்கல் அவன் பிள்ளைகளுக்குத்தான் வந்தது. அதுவும் அக்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு.

பெரானாக்கான்: கலந்தவரின் கதை

அக்கரையில் நெடுங்காலம் தங்கியவர்கள் மலாய் முஸ்லிம் பெண்களை மணந்தனர். மார்க்கம் ஒன்றாயிருந்ததால் இதற்குத் தடையேதும் இல்லை. இவ்வாறு பிறந்த வழியினர் 'ஜாவி பெரானாக்கான்' எனவும், பினாங்கில் 'ஜாவி பெக்கான்' எனவும் அழைக்கப்பட்டனர். இக்கலப்பு ஐரோப்பியர் வருகைக்கு மிக முந்தியது. மலாக்கா சுல்தானகத்தின் முதலமைச்சராகிய பெண்டஹாரா பதவியில் இருந்து 1510இல் கொல்லப்பட்ட துன் முத்தாஹிர், தமிழகத்திலிருந்து வந்த முஸ்லிம் ஒருவரின் வழித்தோன்றல் என மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு கூறுகிறது.

இவ்வகையினரில் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லாஹ். 18ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் மலாக்காவில் பிறந்த அவர், ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணியாற்றியவர். கிறித்தவப் பாதிரிமாருக்கு மலாய் கற்பித்தவர். 1849இல் சிங்கப்பூரில் அச்சான அவருடைய 'ஹிகாயத் அப்துல்லாஹ்', நவீன மலாய் உரைநடையின் தொடக்க நூலாக மதிக்கப்படுகிறது. யமன் நாட்டு அரபியர் ஒருவர் நாகூர் வந்து மணம் முடித்ததையும், அவர் மக்களில் ஒருவர் மலாக்காவில் குடியேறியதையும் தம் குடிவழியாக அவர் அந்நூலில் விவரிக்கிறார். குர்ஆன் ஓதக் கற்றபின், தம்மைத் தமிழ் படிக்கத் தந்தை அனுப்பினார் என்றும், இரண்டரை ஆண்டுக்காலம் தமிழ் கற்றதாகவும் அதில் கூறுகிறார். மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குக்காகவும் வணிகத்துக்காகவும் தமிழ் பயில்வது அக்காலத்து வழக்கமாக இருந்ததாம். மலாய் மொழியையோ எவரும் முறையாகக் கற்கவில்லை என வருந்திய அவர், அதைத் தாமே முயன்று கற்றுத் தேர்ந்தார். 1854இல் ஹஜ்ஜுக்குச் சென்றவர் அப்பயணத்திலேயே காலமானார்.

அரபு, தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் புழங்கிய அப்துல்லாஹ் ஒருவரிடம் நாகூரும் யமனும் மலாக்காவும் முரணின்றி இணைந்து வாழ்ந்தன. இதற்கு எழுத்தும் துணைநின்றது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வி என்னும் அரபுத்தமிழும், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியும் ஒரே முறையில் வளர்ந்தவை. அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புது எழுத்து படைத்த முறை இரண்டுக்கும் பொது. அரபுத்தமிழ் படித்த சிறுவனுக்கு ஜாவி எழுத்து அந்நியமாகத் தோன்றியிராது. 1876இல் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிய முதல் மலாய்ச் செய்தித்தாளின் பெயரே 'ஜாவி பெரானாக்கான்' என்பதும், அதன் ஆசிரியராக முன்ஷி முகம்மது சையித் பின் தாதா முஹ்யித்தீன் விளங்கினார் என்பதும் இப்பின்னணியில் விளங்கும். மலாய் இதழியலுக்குக் கால்கோள் இட்டவர்கள் கலப்பு வழியில் வந்த இந்திய முஸ்லிம்களே.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பெரானாக்கான் குடும்பங்களில் ஓரிரு தலைமுறைக்குள் தமிழ் மறைந்தது; மலாய் ஒன்றே வீட்டுமொழியாயிற்று. முழுமையாகக் கலந்துவிட்டோம் என அவர்கள் நம்பியிருந்த காலத்தில்தான் மலாய்த் தேசிய உணர்வு எழுந்தது. 1926இல் சிங்கப்பூரில் தோன்றிய 'கெசாத்துவான் மெலாயு சிங்காப்புரா', முஸ்லிம்களின் தலைமை செல்வந்தரான அரபியர், இந்திய முஸ்லிம்கள் கையில் இருந்ததற்கு எதிர்வினையாகவும் அமைந்தது. 'அசல் மலாயர் யார்?' என்னும் விவாதம் மலாய் இதழ்களில் மூண்டபோது, கெலிங் வழியினர், அரபு வழியினர் எனக் குறிப்பிட்டு ஏளனம் செய்யும் வழக்கமும் தலைகாட்டியது. தமிழை விட்டுவிட்டவர்களிடம், மலாயாக ஏற்க உம் இரத்தம் போதாது எனச் சொல்லப்பட்டது. கலந்துவிடுதல் மட்டுமே ஏற்பைப் பெற்றுத் தந்துவிடாது என்னும் கசப்பான பாடம் இது.

நிறுவனங்களைக் கட்டியோர்

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. குடியேறிய மண்ணில் வேரூன்றுவதற்கும் வந்த மண்ணின் அடையாளத்தைப் பேணுவதற்கும் ஒருசேர உதவும் நிறுவனங்களைக் கட்டுவதே அது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவராகக் கூறப்படும் காதர் முஹ்யித்தீன், பினாங்கின் 'கப்பித்தான் கெலிங்'காக, அதாவது தம் சமூகத்தின் தலைவராக, ஆங்கில ஆட்சியால் ஏற்கப்பட்டவர். 1801இல் பதினெட்டு ஏக்கர் நிலம் பள்ளிவாசலுக்காக ஒதுக்கப்பெற்றது. அவர் பதவிப் பெயரையே தாங்கி நிற்கும் அப்பள்ளிவாசல் ஜார்ஜ் டவுனின் முகமாக இன்றும் விளங்குகிறது. பள்ளிவாசலைச் சூழ அடக்கத்தலமும் குடியிருப்புகளும் வக்ஃபு நிலங்களும் அமைந்தன. கையில் காசின்றி வந்திறங்கிய இளைஞனுக்குத் தொழுமிடமாகவும் தங்குமிடமாகவும் ஊர்ச் செய்தி கேட்குமிடமாகவும் அது பயன்பட்டது. காதர் முஹ்யித்தீன் 1834இல் மறைந்தார்.

சிங்கப்பூரிலும் இதே நிலைதான். 1819இல் துறைமுகம் தோன்றியதும் பினாங்குச் சூலியர் அங்குச் சென்றனர். ராஃபிள்ஸ் காலத்து நகர வரைபடத்தில் 'சூலியா கம்பம்' தனிப்பகுதியாகக் குறிக்கப்பட்டது. 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், 1827இல் 'குச்சுப் பள்ளி' என வழங்கிய அல்அப்ரார் பள்ளிவாசலும் தொடங்கப்பெற்றன. 1828 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவாகத் தெலுக் ஆயர் தெருவில் தர்கா ஒன்று எழுந்தது. கடல் கடந்து பத்திரமாக வந்தோரின் நன்றிக்கடனாக எழுந்த அக்கட்டடம் 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. சில அடி தொலைவிலேயே சீனக் கடலோடிகள் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில் உள்ளது. கரையேறியோர் அனைவரும் முதலில் நன்றி செலுத்த இடம் தேடினர் என்பதற்கு அத்தெருவே சான்று.

கட்டடங்களை அடுத்து எழுத்து வந்தது. நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' 1872இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. சி.கு. மகுதூம் சாயபு 1887இல் 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கி 1890 வரை நடத்தினார். தமிழ் பேசுவோர் அனைவரையும் சமயம் கடந்து வாசகராகக் கொண்ட அவ்விதழ், தமிழராகவும் முஸ்லிமாகவும் சிங்கப்பூர்வாசியாகவும் ஒருவர் ஒரே நேரத்தில் வாழமுடியும் என்பதை வாரந்தோறும் மெய்ப்பித்தது. ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில், 'ஜாவி பெரானாக்கான்' மலாயிலும் 'சிங்கை நேசன்' தமிழிலும் முஸ்லிம்களால் நடத்தப்பட்டன. ஒரே கரையிலிருந்து புறப்பட்ட மரபு இரண்டு வழிகளில் பிரிந்து சென்றதை இவ்விரு இதழ்களும் காட்டுகின்றன.

தாயும் பள்ளிக்கூடமும்

இவ்விரண்டு வழிகளில் ஒரு குடும்பம் எதில் செல்லும் என்பதைத் தீர்மானித்தது எது? செல்வமா, கல்வியா, பற்றா? வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், தாய் எங்கிருந்தாள் என்பதே பெரிதும் தீர்மானித்தது எனத் தோன்றுகிறது. கடற்கரை ஊர்களின் மரைக்காயர் குடும்பங்களில் பெண்கள் கடல் கடப்பது வழக்கமில்லை. ஆகவே அக்கரையில் தமிழ் முஸ்லிம் ஆடவர் இருந்தனர். தமிழ் முஸ்லிம் இல்லம் அரிதாக இருந்தது. அங்கு அமைந்த இல்லத்தின் மொழி, மலாய்த் தாயின் மொழியாயிற்று. மார்க்கம் தந்தை, தாய் இருவருக்கும் பொதுவாக இருந்தமையால் குறையின்றித் தொடர்ந்தது. மொழிக்கு அத்தகைய பொதுமை இல்லாததால் அது அறுந்தது.

இதற்கு மாறான சான்று கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து முஸ்லிம்கள். நெசவு நலிந்த நிலையில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் சென்ற இவர்கள், குடும்பத்தோடு குடியேறியதில் மற்றவரினும் வேறுபட்டவர்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் ஆடவர் கூலிவேலை செய்ய, பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். அம்மியும் தாலாட்டும் வட்டார வழக்கும் அவர்களோடு கப்பலேறின. பெண்கள் வந்த சமூகத்துக்குப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமும் தேவைப்பட்டது. 1941இல் அமைந்த கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்ததும் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைப் பள்ளிக்கு இட்டதில் ஓர் அறிவிப்பே அடங்கியிருந்தது. தமிழும் இஸ்லாமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதே அது. 1960இல் உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக விளங்கிய அங்கு முஸ்லிமல்லாத மாணவர்களும் பயின்றனர். ஆங்கிலக் கல்வியின் பயனை நாடிப் பெற்றோர் விலகிச் செல்ல, மாணவர் தொகை குறைந்து 1982இல் பள்ளி மூடப்பட்டது. கல்வி அமைச்சின் தமிழ்மொழி நிலையம் இன்று உமறுப்புலவரின் பெயரைத் தாங்கியிருப்பது அதன் எஞ்சிய நினைவு.

சட்டத்தின் கட்டங்களில்

விடுதலை பெற்ற அரசுகள் தோன்றியபின் அடையாளம் வீட்டுக்குள் முடிந்துவிடும் செய்தியாக இல்லை. அது அடையாள அட்டையில் எழுதப்படும் சொல்லாயிற்று. மலேசிய அரசமைப்பின் 160ஆம் பிரிவு, மலாயர் என்போர் இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் மரபுகளை ஒழுகுவோர் என வரையறுக்கிறது. விடுதலைக்கு முன் கூட்டரசிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருத்தல், அத்தகையோரின் வழிவந்திருத்தல் போன்ற நிபந்தனைகளும் உண்டு. இவ்வரையறையில் குருதி ஒரு தகுதியாகக் கூறப்படவில்லை. ஆகவே தமிழ் முஸ்லிம் ஒருவர் மொழியையும் மரபையும் மாற்றிக்கொண்டால் சட்டப்படி மலாயராக முடியும். மலாயருக்குரிய சிறப்புரிமைகளும் கிட்டும். தமிழைப் பேணினால் அவை கிட்டா. ஓர் இளைஞனின் முன் இதைவிடக் கூர்மையான தேர்வை எந்தச் சட்டமும் வைத்ததில்லை எனலாம். 1969 மே கலவரத்துக்குப்பின், குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, பல்லாண்டுகள் உழைத்தும் குடியுரிமை பெறாதிருந்த சபராளிகள் பலர் ஊர் திரும்பினர். பயணம் என்றே எண்ணி வாழ்ந்த வாழ்வின் விலை அப்போது தெரிந்தது. 1976இல் கிம்மா என்னும் இந்திய முஸ்லிம் கட்சி தோன்றியது. இந்திய முஸ்லிம்களைப் பூமிபுத்ராக்களாக ஏற்கும் கோரிக்கை ஆராயப்படும் என 2017இல் அன்றைய பிரதமர் நஜீப் ரசாக் கூறியதும், அக்கேள்வி தீராதிருப்பதையே காட்டிற்று.

சிங்கப்பூரில் சிக்கல் வேறு வடிவில் உள்ளது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவும் உள்ளது. ஆயினும் மார்க்கக் கல்வியும் முஸ்லிம் சமூக வாழ்வும் பெரும்பாலும் மலாயில் நடப்பதால், தமிழ் முஸ்லிம் மாணவர் சிலர் மலாயையே தாய்மொழிப் பாடமாகத் தேர்கின்றனர். முஸ்லிம் மாணவருக்கென 1982இல் தோன்றிய மெண்டாகி, இந்தியருக்கென 1991இல் தோன்றிய சிண்டா என இரண்டு வாயில்களின் முன்னும் அவர் நிற்கிறார். 2017இல் அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டபோது, போட்டியிட முன்வந்தோரின் தந்தைவழி மரபு பொதுவிவாதத்துக்கு உள்ளாயிற்று. அத்தேர்தலில் அதிபராகி 2023 வரை பதவி வகித்த ஹலீமா யாக்கோப் இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர். தந்தையைச் சிறுவயதில் இழந்து தாயால் வளர்க்கப்பட்டவர். தம்மை மலாயராகக் கருதி, அச்சமூகத்தாராலும் அவ்வாறு ஏற்கப்படுபவரே மலாய்ச் சமூகத்தவர் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் வரையறை. தானும் உரிமை கோரவேண்டும், பிறரும் ஏற்கவேண்டும் என்னும் இவ்விரட்டை நிபந்தனை, பெரானாக்கான் வரலாறு முழுவதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது.

வரலாறு தரும் படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து சில உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, மார்க்கமும் மொழியும் ஒரே வழியில் தலைமுறை கடப்பதில்லை. மார்க்கத்துக்குப் பள்ளிவாசல் இருந்தது. அதை எல்லா இனத்தாரும் சேர்ந்து தாங்கினர். மொழிக்கு வீடும் பள்ளிக்கூடமும் தேவைப்பட்டன; அவற்றைத் தமிழர் தாமே தாங்கவேண்டியிருந்தது. தாங்கிய இடத்தில் மொழி நின்றது. தாங்காத இடத்தில் போயிற்று. பற்று மட்டும் எங்கும் அதைக் காக்கவில்லை.

இரண்டாவது, கலந்தவரைக் குறைகூறுதல் நேர்மையன்று. அவர்கள் மலாய் உரைநடைக்கும் இதழியலுக்கும் செய்த தொண்டு நம் வரலாற்றின் ஒரு பகுதியே. முன்ஷி அப்துல்லாஹ்வை இழப்பாக எண்ணுவதற்குப் பதில், நம் கரையிலிருந்து சென்ற மரபு இன்னொரு மொழியில் பூத்ததாக எண்ணுவதே தகும். அதேபோது, தமிழைப் பேணுவோரை முஸ்லிம் ஒற்றுமைக்கு ஊறு செய்வோராகக் காண்பதும் பிழை. மொழி வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சி எனக் கூறும் மார்க்கத்தில் அதற்கு ஆதாரமில்லை.

மூன்றாவது, உரிமையுணர்வு ஏங்கிக் காத்திருப்பதால் வருவதன்று, கொடுப்பதால் வருவது. வக்ஃபு நிலமும், எல்லா மதத்தாரும் படித்த பள்ளியும், அனைவரும் வாசித்த இதழும் சூலியரை அம்மண்ணுக்கு உரியவராக்கின. மதீனாவில் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்சாரித் தோழரிடம், சந்தைக்கு வழிகாட்டினால் போதும் எனக் கேட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், பின்னர் அந்நகருக்கு வாரி வழங்கும் செல்வரானதும் இதையே உணர்த்துகிறது.

இன்று நம் இளைஞர்கள் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் செல்கின்றனர். கப்பலின் இடத்தை விமானம் பிடித்துக்கொண்டது. ஊர்ச் செய்தி நொடியில் கிடைக்கிறது. எனினும் அங்கே பிறக்கும் குழந்தை எந்த மொழியில் துஆக் கேட்கும், தன் பாட்டியிடம் எந்த மொழியில் பேசும், தான் பிறந்த நாட்டைத் தன் நாடென்று சொல்ல அதற்கு மனம் வருமா என்ற கேள்விகள் பழையனவே. சபராளியாகவே இருந்துவிட எண்ணுவோர் 1969ஐ நினைக்கட்டும். முற்றும் கரைந்துவிட எண்ணுவோர் 1926ஐ நினைக்கட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழியை மசாலா அரைத்து விற்ற பெண்களும், அவர்கள் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளிக்கூடமும் ஏற்கெனவே காட்டியுள்ளனர். அப்பள்ளி முப்பத்தாறு ஆண்டுகள் நடந்தது. அதைப் போன்ற ஒன்றை இன்றைய குடியேற்றச் சமூகங்கள் தத்தம் ஊர்களில் தொடங்குமா என்பதை அவர்களே முடிவுசெய்ய வேண்டும்.